கட்டைச் செருப்பும் புள்ளிப் பூனையும்

பெங்கால் பூனை வாங்கலாமா என்று கோலாலம்பூரிலிருந்து என் மகள் போனில் கேட்டாள். உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளியாம், தண்ணீரைக் கண்டால் ஓடாதாம், புத்திசாலியாம். எங்க வீட்டுக்கு ஒத்து வருமா, மாடி வீட்டில் வைத்து வளர்க்கலாமா, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோமே, அது தனியாக இருக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. படமும் அனுப்பியிருந்தாள். பார்த்ததும் எனக்கு வந்தது எரிச்சல்தான். அதே மூஞ்சி, அதே திருட்டு முழி. இந்த மூஞ்சியைப் பத்து வருடம் பார்த்துச் சலித்தவன் நான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

இப்போதெல்லாம் ஒரு பிராணியை வாங்குவதற்கு முன்னால் இது நமக்குச் சரிப்படுமா என்று கேட்கிறார்கள். நல்ல பழக்கம்தான். எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

எழுபத்தொன்பதாம் வருடம். ஈப்போவின் ஓரத்தில், ஒரே தகரக் கூரையின் கீழ் ஐந்து குடும்பங்கள் இருந்த பலகை வீட்டு வரிசையில் நடு வீடு எங்களுடையது. நானும் என் மனைவியும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள், கல்யாணம் ஆனதும் டவுனுக்கு வந்தவர்கள். பஸ் பட்டறை ஒன்றில் எனக்கு டயர் மாற்றும் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. இரண்டு முறை உண்டாகி, ஒன்று மூன்றாம் மாதத்தில் போனது, இன்னொன்று ஐந்தாம் மாதத்தில். அந்த இரண்டாவதற்குப் பிறகு என் மனைவி சிரித்து நான் பார்க்கவில்லை. மூன்றாவது முறை நாலு மாதம் தாண்டியது. உடனே ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் மாமியார் பஸ் ஏறி வந்துவிட்டார், ஒரு பை நிறைய முருங்கைக்கீரையும் வாய் நிறையச் சட்டதிட்டங்களுமாக.

சட்டமெல்லாம் மனைவிக்கு இல்லை, எனக்குத்தான். முடி வெட்டக்கூடாது. தாடி எடுக்கக்கூடாது. வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூடாது. பாம்பையோ பல்லியையோ, எந்த உயிரையும் அடிக்கக்கூடாது.

"நீங்க எந்த உசுருக்கு எந்த எடத்துல காயம் பண்றீங்களோ, அதே எடத்துல புள்ளைக்கு வரும் மாப்ள" என்றார். தோட்டத்துக் குடியிருப்பான எங்கள் பழைய லயத்தில் ஒருவன் ஆட்டுக் காதை அறுத்ததையும் அவன் பிள்ளை காது மடங்கிப் பிறந்ததையும் எடுத்துவிட்டார்.

"அத்தை, இதெல்லாம் சும்மா லா" என்றேன்.

"சும்மாவா? சரி, அப்ப ஆணி அடிங்க பாப்போம்."

அடிக்கவில்லை. நான் ஒன்றும் சாமி பூதம் என்று நடுங்குகிறவன் இல்லை. ஆனால் இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி பக்கத்தில் நின்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, சுத்தியலை எடுக்க எந்த வீரனுக்குக் கை வரும்? தாடி வளர்ந்தது. பட்டறையில் சீனனிலிருந்து மலாய்க்காரன் வரை எல்லாரும் என்னைச் சாமியார் என்றார்கள்.

இந்த லட்சணத்தில்தான் மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டின்னோடு வந்தான். மூடியில் ஓட்டை போட்டிருந்தது. அவர்கள் தோட்டத்தில் ரப்பர் பால் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த நேரம். சாய்ந்த ஒரு மரப் பொந்தில் லயத்துப் பூனை ஒன்று குட்டி போட்டிருக்கிறது. தாய்தான் லயத்துப் பூனை, தகப்பன் காட்டுப் பூனை. அதிலே சந்தேகமே வேண்டாம், குட்டியின் உடம்பு முழுக்கக் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி, காதின் பின்னால் வெள்ளைப் பொட்டு. மற்ற குட்டிகள் செத்து, மிஞ்சியது இது ஒன்றுதான்.

"எலி புடிக்கும் மச்சான், வச்சுக்குங்க" என்றான்.

"எங்க வீட்டுல எலியே இல்ல. எடுத்துட்டுப் போ."

என் மனைவி டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். அது ஒரு சத்தம் கொடுத்தது. இவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. எனக்குப் புரிந்துவிட்டது, கதை முடிந்தது என்று. உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "வயித்துப் புள்ளக்காரி இருக்குற வூட்டுக்கு வந்த உசுர வெரட்டுனா வெளங்குமா? இருக்கட்டும், புள்ள பொறக்குற வரைக்கும்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் ஓணானை டின்னில் போட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தயிர்ச் சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு, பின்னங்காலால் மண் தள்ளுவதுபோலத் தரையைப் பிறாண்டியது. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிப் போட்ட பொரித்த மீனையும் அப்படியே செய்தது. பச்சை இறைச்சிதான் வேண்டுமாம் துரைக்கு. என் மனைவியோ பிள்ளை பிறக்கும் வரை சைவம் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டவள். அடுப்படிக்குள் கறி வரக்கூடாது. ஆகவே தினமும் விடிந்ததும் நான் சைக்கிளில் பாசாருக்குப் போய்க் கோழிக் கழுத்து வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் குந்தி, ஒரு பலகையில் வைத்து வெட்டிப் போட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். கோழி விற்கும் சீனத்தி ஒருநாள் கேட்டாள், தினம் கழுத்து வாங்குகிறாயே, சூப்பா என்று. பூனைக்கு என்றேன். அவள் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு, இந்தத் தாடிக்காரன் பூனைக்குச் சமைக்கப் பிறந்தவன் என்று சொல்லிச் சிரித்தாள்.

தரையில் நடக்கத் தெரியாத பிறவி அது. அலமாரி மேல், அங்கிருந்து உத்தரம், அங்கிருந்து கூரைக்கும் பலகைத் தட்டுக்கும் நடுவில் இருந்த சந்து. ஐந்து வீட்டுக்கும் அந்தச் சந்து ஒன்றுதான். முதல் வீட்டில் உலர்த்திய கருவாடு காணாமல் போகும், அவர்கள் வந்து என் வாசலில் நிற்பார்கள். கடைசி வீட்டு மலாய்க்காரர் கூண்டில் மெர்போக் புறா வளர்த்தார், பாட்டுப் போட்டிக்கு விடுகிற புறா. அதற்கு நேர் மேலே பலகை இடுக்கில் இரண்டு கண்கள் தெரிந்தன என்று அவர் ஓடி வந்த நாளில் நான் ஏணி வைத்து ஏறி, இருட்டில் தவழ்ந்து, தலையில் ஒட்டடையோடு அதைப் பிடித்து இறக்கினேன். கை முழுக்கக் கீறல். அடிக்க முடியுமா? முடியாது. "வா செல்லம், வா ராசாத்தி" என்று கொஞ்சித்தான் இறக்கினேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் விஷயம்தான் என்னைக் கொன்றது.

பூனை என்றால் தண்ணீருக்குப் பயப்பட வேண்டும். ஊர் உலகத்தில் அப்படித்தான். இது குளியலறைச் சிமெண்டுத் தொட்டிக்குள் இறங்கி நீந்தும். குளித்ததோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. தன் காலைக் கடனையும் அதற்குள்ளேயே முடித்துக்கொண்டது. மணல் பெட்டி வைத்தேன், மதிக்கவில்லை. ஓடுகிற தண்ணீர், நிற்கிற தண்ணீர், வாளித் தண்ணீர், எதுவானாலும் சரி, தண்ணீரில்தான் செய்யும். தகப்பன் வழிப் புத்தி. ஒவ்வொரு முறையும் தொட்டியைத் திறந்துவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நூல் மாதிரி ஒழுகும் குழாயில் மறுபடி நிரப்ப வேண்டும். மேலே பலகையால் ஒரு மூடி செய்யலாம் என்றால் ஆணி அடிக்கக்கூடாது. பலகையைச் சும்மா வைத்து மேலே கல் தூக்கி வைத்தேன். அது தலையால் முட்டித் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

"இன்னும் மூணு மாசம்தானே, பொறுத்துக்குங்க" என்பாள் மனைவி. பிள்ளை பிறந்த மறுநாளே இதைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவது என்று நான் மனதுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம். இரண்டு நாளைக்குத் தண்ணீர் வராது என்று அறிவித்திருந்தார்கள். முந்தின மாலை தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, பலகை போட்டு, நாலு கல் வைத்தேன். மறுநாள் பட்டறையிலிருந்து டயர்க் கரி அப்பிய உடம்போடு வந்தேன். ஒரு குவளைத் தண்ணீரில் உடம்பு நனைத்து, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிக்குள் குவளையை விட்டேன். வாடை வந்தது. கண்ணைத் திறந்தால் பலகை ஒரு பக்கமாக விலகியிருக்கிறது, தொட்டி விளிம்பில் அது உட்கார்ந்து நனைந்த வாலை நக்கிக்கொண்டிருக்கிறது. சோப்பு கண்ணுக்குள் இறங்கியது. என் காலில் கிடந்தது கட்டைச் செருப்பு. குளியலறையில் வழுக்காமலிருக்க அப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் போடுகிற, ரப்பர் வார் வைத்த மரக்கட்டை. கழற்றி எறிந்தேன்.

திருவிழாக் கடையில் பந்தெறிந்து ஒரு டப்பாவைக்கூடச் சாய்த்தவனில்லை நான். அன்றைக்குப் பார்த்துக் குறி தப்பவில்லை. சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். அது கீழே விழுந்து, எழப் பார்த்து, மறுபடி விழுந்து, பிறகு கத்தியது. அப்படி ஒரு கத்தல்.

துண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பினால் அடுப்படி வாசலில் என் மனைவி நிற்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்தக் காலுங்க?" என்றாள்.

"எடது கால். பின்னங்கால்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

என் கையை வெட்டிப் போட்டால்கூடத் தகும் என்றிருந்தது எனக்கு. நம்பிக்கை இல்லாதவனுக்கு என்ன பயம் என்று கேட்காதீர்கள். பயந்தேன். அவளுக்காகப் பயந்தேனா, பிள்ளைக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உடம்பில் சோப்பு காய்ந்துபோய் இழுக்க, அதே கையால் பூனையைத் துணியில் சுற்றி எடுத்தேன். அது என்னைக் கடித்தது, கடிக்கட்டும் என்று விட்டேன்.

மறுநாள் லீவு போட்டு, காய்கறிக் கூடையில் வைத்து, பஸ்ஸில் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா ஒரு பஞ்சாபிப் பெண். காலைத் தடவிப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார், அடித்தாயா என்று.

"உத்தரத்துலேருந்து விழுந்துருச்சு டாக்டர்."

என் தாடியையும் கையில் இருந்த கடியையும் பார்த்தார். கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார், இது மடியில் வைத்துக் கொஞ்சுகிற பூனை இல்லை, இதற்கு ஏற உயரம் வேண்டும், இறங்கத் தண்ணீர் வேண்டும், நாள் பூரா ஏதாவது வேலை வேண்டும், இல்லாவிட்டால் உனக்கு வேலை வைக்கும். வாங்குவதற்கு முன்னால் யோசித்தாயா?

"என்னை யாரு டாக்டர் கேட்டா?" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே ஆட்டோடு நின்றவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு நோயாளியும் இரண்டு வேலைக்காரர்களும். மாமியாரிடம் நாங்கள் சொன்னது, உத்தரத்திலிருந்து விழுந்துவிட்டது என்பதுதான். என் மனைவி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் தினமும் கட்டைப் பிரித்துப் பார்ப்பாள். "வீக்கம் கொறஞ்சிருக்குல்ல? நேராத்தானே இருக்கு?" கட்டு நேராக இருக்கும்வரை பிள்ளையின் காலும் நேராக இருக்கும் என்று அவளுக்குள் ஒரு கணக்கு. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பது என்பார்கள். என் வீட்டில் அது பழமொழியாகவா இருந்தது? மடியில் பூனை, கண்ணில் சகுனம், அப்படியே நடந்தது. வயிற்றில் பிள்ளை உதைத்தால் எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். "எடது பக்கம் ஒதைக்குதுங்க!" என்று ஒருநாள் அவள் வாசல் வரை ஓடிவந்து சொன்னபோது, பட்டறையிலிருந்து களைத்து வந்த நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டேன்.

கட்டு எடுத்தார்கள். எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாகக் கூடியிருந்தது. இடது பின்னங்காலைத் தரையில் இழுத்து இழுத்துத்தான் நடந்தது. இனி தாவாது, வேட்டையாடாது, தோட்டத்தில் விட்டால் நாய் ஒரு நாளில் முடித்துவிடும் என்றார் டாக்டரம்மா. பிள்ளை பிறந்த மறுநாள் அனுப்பிவிடலாம் என்ற என் திட்டம் அங்கேயே செத்தது. வீட்டுக்கு வந்து மனைவி பூனை நடப்பதைப் பார்த்தாள். பிறகு அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றப் போனாள்.

பெண் பிறந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் நான் போனபோது துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள் மனைவி. யார் சாயல் என்றுகூட நான் பார்க்கவில்லை. துணியை விலக்கி இடது காலைப் பிடித்து நீட்டினேன். நேராக இருந்தது. வலது காலோடு சேர்த்து வைத்து அளந்தேன். "நான் ஆறு தரம் பாத்துட்டேன்" என்றாள் அவள். வரும் வழியில் முடி திருத்தும் கடையில் உட்கார்ந்து தாடியை எடுத்தேன். கன்னம் சில்லென்று இருந்தது, சந்தோஷமாக இருந்தது.

மாமியார் சும்மா இருப்பாரா? அவருக்கு உண்மை தெரியாது, ஆனாலும் ஊர்ப் பேச்சாக ஒன்றை எடுத்துவிட்டார். "கால் எப்படின்னு இப்ப என்னா தெரியும்? நடக்கட்டும், அப்பறம்தான் தெரியும்." அடக் கடவுளே என்று இருந்தது எனக்கு. இன்னும் ஒரு வருடம்.

ஒரு வயதில் நடந்தாள். நன்றாக, நேராக, தொப்பையைத் தள்ளிக்கொண்டு. ஐந்து வீட்டுக்கும் கேசரி கொடுத்தோம். பாவம், கோழிக் கழுத்து வாங்கப் போன இடத்தில் சீனத்திக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைகிறேன், பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு அடுப்படியிலிருந்து வருகிறாள். வலது கால் முன்னால் வருகிறது. இடது கால் தரையோடு இழுபட்டு வருகிறது.

என் மனைவி அவளுக்குப் பின்னால் நின்றாள். "எந்தக் காலுன்னு பாத்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான். அத்தனை வருடத்துக் கண்ணீரையும் சேர்த்து வைத்திருந்ததுபோல் அழுதாள்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் காலை மடக்கினார், நீட்டினார், முட்டியைத் தட்டினார், எக்ஸ்ரே படம் எடுத்தார். ஒரு கோளாறும் இல்லை. நடக்கவிட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவில் என் மகள் போலீஸ்காரன் அணிவகுப்பில் போவதுபோல் நேராகப் போய், நேராகத் திரும்பி வந்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன்.

"நேத்து நொண்டுனா டாக்டர், சத்தியமா" என்றேன்.

அங்கே இருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், நம் தமிழ் அக்கா ஒருவர். "வீட்டுல யாராச்சும் கால இழுத்து நடக்குறாங்களா தம்பி? இந்த வயசுல புள்ளைங்க பாத்துப் பாத்து செய்யும் லா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல அப்படி யாரும் இல்ல மிஸ்ஸி. எல்லாருக்கும் காலு நல்லாத்தான் இருக்கு."

பஸ் ஏறி வீட்டுக்கு வந்ததும் மனைவி பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். மத்தியானம் தாண்டிவிட்டது, பூனைக்குக் காலையிலிருந்து ஒன்றும் போடவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து அது வெளியே வந்து, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, இடது பின்னங்காலை இழுத்துக்கொண்டு பின்வாசலை நோக்கி நடந்தது. அதற்குப் பின்னால் என் மகள், இடது காலை இழுத்துக்கொண்டு. அது நின்றால் இவளும் நின்றாள். அது தலையைத் திருப்பிப் பார்த்தால் இவளும் திருப்பிப் பார்த்தாள். வாசலில் அது இடது காலைத் தூக்கி உதறியது. இவளும் தூக்கி உதறப் பார்த்து, பொத்தென்று உட்கார்ந்தாள்.

என் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கதவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் தாடி, எத்தனை கோழிக் கழுத்து, எத்தனை பஸ் பயணம், எத்தனை நாள் கெட்ட தூக்கம்!

"சனியனே! நீ நடக்குற நடையால எங்க உசுரே போச்சு!" என்று பூனையைப் பார்த்துக் கத்தினேன்.

சிரிப்பு நின்றது. "அத ஏன் திட்டுறீங்க?" என்றாள். "அந்த நடைய அதுக்குக் குடுத்தது யாரு?"

நான் கோழிக் கழுத்து வாங்கச் சைக்கிளை எடுத்தேன்.

பிள்ளைக்கு நேராக நடக்கக் கற்றுக்கொடுக்க, தினமும் சாயங்காலம் கூடத்தில் நான் இங்கும் அங்கும் மார்பை நிமிர்த்தி நடந்து காட்டினேன். அவள் என்னைப் பார்ப்பாள், பூனையைப் பார்ப்பாள், பூனை பின்னால் போவாள். தானாக மறக்க ஆறு மாதம் ஆனது. பூனை எண்பதுகள் முடிகிற வரை இருந்தது. கடைசி நாள் வரை தொட்டியை விடவில்லை. விளிம்பில் ஏற முடியாது என்பதால் நானே ஒரு படி செய்து வைத்தேன், ஆணி அடித்து. தொட்டியை அதற்கே விட்டுவிட்டு, எங்களுக்குத் தண்ணீர் பிடிக்கத் தனியாக ஒரு பீப்பாய் வைத்தேன். மகளுக்கு எல்லாரிடமும் சொன்ன கதையைத்தான் சொல்லியிருந்தேன். உத்தரத்திலிருந்து விழுந்துவிட்டது.

அவள் கல்யாணத்தில் அக்கினியைச் சுற்றி வந்தபோது எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் பெங்கால் பூனையைப் பற்றிக் கேட்ட அன்று சாயங்காலம் நானே அவளுக்குப் போன் போட்டேன். வாங்கலாமா வேண்டாமா என்பதை விட்டுவிட்டு, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். "நம்ம பூனை உத்தரத்துலேருந்து விழலம்மா. நான்தான் கட்டைச் செருப்பால அடிச்சேன்."

"தெரியும்ப்பா" என்றாள். "அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. அதனாலதான் ஒங்கள கேக்குறேன். கால்ல எனக்கு ஒண்ணும் வரல. ஒங்க கோவந்தான் அப்படியே வந்திருக்கு. நான் வாங்கலாமாப்பா?"

உன் வீட்டில் கட்டைச் செருப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.